அந்த நாலு பேர்

வெளிநாட்டுப் பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். மேலே விருந்தாளிகள் தூங்கி எழுந்த விரிப்புகள் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கீழே வந்து விழும். துவைத்த விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துச் சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். அதுதான் அவள் வேலை. கொஞ்சம் அசந்தால் விரல் வெந்துவிடும். வந்த புதிதில் வெந்தும் போனது. மேற்பார்வைக்காரி மருந்து தடவிவிட்டு, "அழணும்னா ஓரமா போய் அழுதுட்டு வா" என்றாள். "இதுக்கெல்லாம் அழுதா எப்ப முடிக்கிறது?" என்று இவள் மறுபடி உருளை முன்னால் போய் நின்றாள். அன்றிலிருந்து கூடத்தில் அவளுக்கு 'இரும்பு' என்று பெயர்.

போரின் கடைசி மாதங்களில் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த அண்ணன், தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடத்தில் குண்டு விழுந்து செத்துப்போனான். அப்பாதான் போய் அடையாளம் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். விசிலை விட்டுப் பல வருஷமாகியும் அதிகாரத்தை விடவில்லை. வீடியோவில் பேசினாலும் போனைக் காதில்தான் வைத்துக்கொள்வார். அதனால் வாராவாரம் விடுமுறை நாளில் வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் அவள் பார்ப்பது அப்பாவின் காதைத்தான். அது சிவந்திருந்தால் கோபம். அவ்வளவு தூரம் படித்து வைத்திருந்தாள்.

அந்தக் காது நெருப்பாகச் சிவந்தது தங்கை கல்யாணம் செய்துகொண்ட வாரத்தில். தையல் தொழிற்சாலையில் வேலைக்குப் போன தங்கை, தண்ணீர் லாரி ஓட்டுகிறவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். லாரிக்கு வருவதற்கு முன்னால் அவன் எதிர்த்தரப்புப் படையில் சிப்பாய்.

"எனக்கு இனிமே ஒரே பொண்ணுதான்" என்றார் அப்பா. "அவ பேரை எடுத்தா போனை வச்சிடுவேன்."

இவளுக்கும் கோபம் வரத்தான் செய்தது. இரண்டு வாரம் தங்கையின் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு தானே கூப்பிட்டாள். வாழ்த்துச் சொல்ல இல்லை. "அவரைப் போன்ல வரச் சொல்லு" என்றாள். அவன் வந்து தலை குனிந்து உட்கார்ந்தான்.

"எங்க அண்ணன் செத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அவனுக்குத் தமிழ் அரைகுறை. அவன் மொழியில் சொன்னதைத் தங்கை ஒரு சொல்லைக்கூட மழுப்பாமல் திருப்பிச் சொன்னாள். "அந்தப் போர்லதான் இருந்தாராம். வேற ஊர்ப் பக்கம். சுட்டிருக்காராம். யார் மேல பட்டுச்சுன்னு தெரியாதாம்."

கேட்க இனிக்கிற பதில் இல்லை. ஆனால் 'நான் சமையல்காரனாக இருந்தேன், கணக்கு எழுதினேன்' என்று அவன் நழுவியிருக்கலாம். நழுவவில்லை. மறுநாள் உருளை முன்னால் நின்றபடி முடிவெடுத்தாள். அவனை ஏற்றுக்கொள்வது வேறு, தங்கையை இழப்பது வேறு. அண்ணனைப் போர் கொண்டுபோய்விட்டது. தங்கையைத் தானாகத் தூக்கிக் கொடுக்க முடியாது.

அடுத்த விடுமுறை நாளில் அப்பா அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கையையும் அழைப்பில் சேர்த்துவிட்டாள். "அப்பா" என்று சின்னவள் குரல் கேட்டதும் அழைப்பு துண்டானது. மறுபடி போட்டாள். மறுபடி துண்டானது. மூன்றாவது தடவை அப்பா கத்தினார்.

"யாரைக் கேட்டு அவளை ஏத்தின?"

"ஏத்தறதுக்கும் இறக்கறதுக்கும் இது உங்க பஸ் இல்லப்பா. என் போன்."

"நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு நினைச்சுப் பார்த்தியா?"

"எந்த நாலு பேர்? நாம ஓடுனப்ப ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா? எனக்குத் தெரிஞ்சு நாலு பேர்னா நீங்க, அம்மா, நான், அவ. அஞ்சாவது ஆளைப் பறிகொடுத்தாச்சு. இன்னொண்ணைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவ இல்லாத பேச்சுல நானும் இல்ல."

அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த வாரம் பேசவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. மாதங்கள் போயின. விடுமுறை நாட்களில் அவள் அறையில் கூட இருப்பவர்களெல்லாம் ஆளுக்கொரு மூலையில் வீட்டோடு பேசிச் சிரிப்பார்கள். இவள் தங்கையோடு பேசுவாள். பேசி முடித்ததும் வீட்டு எண்ணை எடுத்துப் பார்ப்பாள், கூப்பிட மாட்டாள். கண் கலங்கியதுண்டு. கை மட்டும் அந்த எண் பக்கம் போகவில்லை.

ஒரு நாள் காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா. ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன மருத்துவமனை பெஞ்சில், பக்கத்தில் இருந்தவளிடம் போன் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"சின்னவளையும் இதுல கூப்பிடு" என்றாள் அம்மா. வாழ்நாளில் அவள் அப்படி உத்தரவு போட்டதே இல்லை.

சின்னவள் வந்ததும் சொன்னாள், தனக்கு ஆறு மாதம் என்று. அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போய் அப்பாவிடம் என்ன சொன்னாளோ, அந்த வாரம் அப்பாவின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பெரியவள் ஒன்றும் கேட்காமல் தங்கையைச் சேர்த்தாள். இந்தத் தடவை அழைப்பு துண்டாகவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "உடம்பு எப்படி இருக்குன்னு அவகிட்ட கேளு."

"நான் என்ன தபால்காரியா? அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. நீங்களே கேளுங்க."

"ரொம்பத்தான் வாய் உனக்கு" என்றார். பிறகு, "மாத்திரை ஒழுங்கா போடறியா?" என்றார். அது யாருக்கான கேள்வி என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"போடறேன்பா" என்றாள் சின்னவள்.

மருமகனைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. குழந்தை பிறந்து படம் அனுப்பியபோதும், குழந்தையை வைத்திருந்த மருமகன் கைகளை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாராம். அம்மா சொல்லிச் சிரித்தாள்.

போன வாரம் இவள் அப்பாவிடம் சொன்னாள்: "எனக்கு லீவு கிடைச்சாச்சு. வரும்போது அவங்க மூணு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்."

"அவன் வந்தா கேட்டைப் பூட்டிடுவேன்."

"பூட்டுங்க. நம்ம வீட்டு மதில் எவ்வளவு குட்டைன்னு எனக்குத் தெரியும்."