பொறுக்க முடியாததை விட்ட நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தவக்காலத்தில், யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் பங்கு மண்டபத்தில் தொடங்கியது இது. பெரிய வெள்ளியை ஒட்டி மேடையேற்றுவதற்காக எங்கள் இளைஞர்கள் திருப்பாடுகளின் நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள். நான் தையல் வேலை செய்கிறவள். நடிகர்களுக்கு உடுப்புத் தைக்கும் வேலை அந்த முறை என்னிடம் வந்தது. அதனால் பின்னேரங்களில் ஊசியும் நூலுமாக மண்டபத்தின் ஒரு மூலையில் இருப்பேன். யூதாசுக்குத் தோளில் பிடிக்கிறது, பிலாத்துவுக்கு வயிற்றை இறுக்குகிறது என்று யாராவது என் முன்னால் வந்து நின்றபடியே இருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் என் மனம் தையலில் இல்லை. ஒரு கிழமைக்கு முன்னர்தான் என் அண்ணன் தொலைபேசியில் அழைத்திருந்தார். பிரான்சிலிருந்து வந்து, பருத்தித்துறையில் தன் மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறாராம். அடுத்த வாரச் சனிக்கிழமை வரைக்கும்தான் இருப்பாராம், என்னை வந்து பார்க்கலாமா என்று கேட்டார். "வரவேண்டாம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்கு முன்னர் ஏறக்குறைய முப்பது வருடங்களாக அவருடன் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி வர, அந்தப் பெரிய இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது எனக்கு இருபதுகளின் தொடக்கம். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்காது. அண்ணன் அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். நான் அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது மழை, காலை எடுத்து வைக்க இடமில்லாத நெரிசல். "இதிலை நில்லுங்கோ, ஏதும் வண்டில் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று சொல்லிப் போன அண்ணன் திரும்பி வரவில்லை.

நாங்கள் அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றோம். நகர்ந்தால் அவர் எங்களைத் தவறவிட்டுவிடுவார் என்று அப்பா பயந்தார். கடைசியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சைக்கிளை மாறி மாறித் தள்ளித் தந்துதான் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்தோம். சில மாதங்களில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அப்பா கண்ணை மூடினார். அதுவரைக்கும் வாசலில் நிழலாடினால் போதும், "அவன் வந்திட்டானோ?" என்று கேட்பார். அண்ணன் கடல் கடந்து இந்தியா போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனார் என்ற செய்தி பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று நாங்கள் தினமும் செபிக்கிறோம். அந்த வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். ஆண்டவருக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாமியார்களும் சொந்தக்காரரும் "பொறுத்துக்கொள் பிள்ளை" என்று எத்தனையோ தடவை சொன்னார்கள். பொறுப்பது என்றால் என் காதில் சுமப்பது என்றுதான் விழும். அப்பாவைச் சுமந்தாயிற்று, அவருடைய அந்தக் கேள்வியையும் சுமந்தாயிற்று. இனி அண்ணனையும் சுமக்கச் சொன்னால் எந்தத் தோளில் ஏற்றுவது?

நாடகத்தில் இயேசுவாக நடித்தவர் படகில் தொழிலுக்குப் போகிற ஓர் இளைஞர். நல்ல குரல். சிலுவையில் தொங்கும் காட்சியில் "ஏலி, ஏலி, லெமா சபக்தானி" என்று சொல்ல வேண்டும். என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பொருள். அது இயேசுவின் சொந்த மொழியாகிய அரமேயம், சரியாக உச்சரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கன்னியர் மடத்தில் அந்த மொழி தெரிந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லப் போய்க் கூட்டி வந்தார்கள்.

சிஸ்டர் கேரளத்துக்காரர். எங்கள் பக்கம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் மகளுக்கு இருக்கும் வயதுதான் இருக்கும். அவருடைய ஊர்க் கோவிலில் பழைய பூசைப் பாட்டுகள் சுறியானி மொழியில் இருக்கும் என்றும், அது அரமேயத்தின் ஒரு கிளை என்றும் சொன்னார். சின்ன வயதில் பொருள் தெரியாமல் பாடியதை, வளர்ந்த பிறகு பொருள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வருடக்கணக்காக இருந்து படித்திருக்கிறார். இந்த நாளில் பக்கத்தில் ஒருவரும் பேசாத மொழியை எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தீர்கள் என்று கேட்டேன். வெட்கப்பட்டதுபோலச் சிரித்தார்.

"அவர் வீட்டில எப்படிக் கதைச்சிருப்பார் என்று கேட்க ஆசை, அக்கா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. நாங்களெல்லாம் ஆண்டவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள். இந்தப் பிள்ளை அவருடைய குரலைக் கேட்பதற்காக ஒரு மொழியையே படித்திருக்கிறது.

இளைஞர் வசனத்தைச் சொல்லிக் காட்டினார். மண்டபம் அதிர்ந்தது. சிஸ்டர் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, "சபக்தானி என்றால் என்னை விட்டீர் என்று அர்த்தம். ஷ்வக் என்கிற சொல்லிலிருந்து வருது. 'ப'வும் 'வ'வும் அதில் மாறி மாறி வரும். ஷ்வக் என்றால் விடு" என்றார்.

பிறகு தான் படித்த சுறியானி வேதத்தில் அந்தச் சொல் வரும் இடங்களைச் சொல்லிக்கொண்டு போனார். மீனவர்கள் வலைகளை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போனார்களே, அங்கேயும் இதே சொல். பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள் என்றாரே, அங்கேயும் இதே சொல்.

இளைஞர் சிரித்தார். "அப்ப எங்கடை ஆக்கள் வலையை விட்டதும் உந்தச் சொல்லுத்தானோ, சிஸ்டர்?"

"ஓம். அதுமட்டும் இல்லை. நாங்க செபத்தில பாவங்களைப் பொறுத்தருளும் என்று சொல்றோம் இல்லையா? அங்கேயும் இதே சொல்தான். எங்கள் குற்றங்களை விடும், நாங்களும் விட்டதுபோல."

என் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது. என்னையறியாமல் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். "கைவிடுறதும் மன்னிக்கிறதும் ஒரே சொல்லெண்டால் அது என்ன மொழி, சிஸ்டர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"கையில பிடிச்சிருக்கிறதை விடுறதுதான் அந்தச் சொல், அக்கா. பிள்ளையை விட்டால் அது கைவிடுறது. பிள்ளை செய்த குற்றத்தை விட்டால் அது மன்னிக்கிறது."

"அப்ப பொறுக்கிறது?"

"அது தமிழ். அதுவும் அழகான சொல்தான். ஆனா இந்தச் சொல்லில சுமக்கிறது இல்லை."

கொஞ்சம் யோசித்துவிட்டு, நற்செய்திகள் நமக்குக் கிரேக்கத்தில்தான் கிடைத்திருக்கின்றன, அந்தச் செபத்தை ஆண்டவர் இந்தச் சொல்லால்தான் சொன்னார் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, படித்தவர்களுக்குள் இதில் பல கருத்து உண்டு என்றும் சொன்னார். ஆனால் சிலுவையில் சொன்னது அவருடைய மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றார். தெரிந்ததையும் தெரியாததையும் அவர் பிரித்துச் சொன்ன அந்த நேர்மையால்தான் நான் அவரை முழுதாக நம்பினேன்.

"அப்ப இதை எப்பிடிச் சொல்லுறது? கத்திச் சொல்லுறதோ?" என்று இளைஞர் கேட்டார்.

"உங்க அப்பா உங்களை நடுவழியில விட்டுட்டுப் போனால் எப்படிக் கேட்பீங்களோ, அப்படி."

இளைஞர் இந்த முறை கத்தவில்லை. தெருவில் தனியாக நிற்கும் பிள்ளை கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டார். நாவற்குழிப் பாலத்தடியில் மழையில் நின்று நான் கேட்டதும் அதுதான். விடப்பட்டவரின் வலியை அதே சொல்லால் சொன்ன ஒருவர்தான், குற்றத்தை விடச் சொல்லியும் செபிக்கக் கற்றுத்தந்தார். அவருக்கு என் கஷ்டம் தெரியாது என்று இனி நான் எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்த நாள் காலை பருத்தித்துறை பஸ் ஏறினேன். அச்சுவேலி தாண்டும் மட்டும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தபடியே இருந்தேன்.

அண்ணன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். தலை முழுக்க நரைத்து, அப்பாவின் முகம் அப்படியே வந்திருந்தது. என்னைக் கண்டு எழும்ப முயன்றவர் எழும்பாமலே இருந்துவிட்டார். அவர் என்ன சாட்டுச் சொல்வார் என்று இத்தனை வருடமும் நான் நினைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு சாட்டும் சொல்லவில்லை.

"வண்டில் கிடைக்கேல்லை. திரும்பி வர எனக்குத் துணிவு வரேல்லை. வேறை ஒண்டுமில்லை, தங்கச்சி. உங்களை விட்டிட்டுப் போனது நான்தான்."

"ஓம் அண்ணை, விட்டிட்டுத்தான் போனியள்" என்றேன். அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, "நானும் இப்ப அதை விட்டிட்டன்" என்றேன்.

சொல்லும்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு இடம் காலியானது போலிருந்தது, அவ்வளவுதான். அண்ணன் நிலத்தைப் பார்த்தபடி, "அப்பா என்னைக் கேட்டவரோ?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். விடுவது வேறு, மறைப்பது வேறு என்று அந்த நேரம் தோன்றியது.

"கேட்டவர். கடைசி வரைக்கும் கேட்டவர்."

அண்ணன் அழுதார். அவர் அழுது முடிக்கும் மட்டும் நான் பக்கத்தில் இருந்தேன். சனிக்கிழமைக்கு முன்னர் இரண்டு பேருமாகச் சாவகச்சேரிக்குப் போய், அப்பாவை அடக்கம் செய்த இடத்தில் மெழுகுதிரி கொளுத்தினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். என்ன கறி, என்ன மீன் என்றுதான் கதை போகும்.

பெரிய வெள்ளியன்று சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் மட்டும்தானே சொன்னேன், அக்கா" என்றார். அடுத்த வருடமே அவரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

கோபம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாரி மழை தொடங்கினால் சில நாட்களில் திரும்ப வரும், திரும்ப விட வேண்டியிருக்கும். ஆனால் சுமப்பதற்குத்தான் பலம் வேண்டும், விடுவதற்குக் கையைத் திறந்தால் போதும் என்பதை, ஆண்டவரின் வீட்டுப் பேச்சைக் கேட்க ஆசைப்பட்ட அந்தப் பிள்ளையால்தான் நான் அறிந்துகொண்டேன்.