மாடிப்படி அம்மனுக்கு ஒரு சேலை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப்பிழைகளும் இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒஸ்லோவில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பனியொன்றில் தற்காலிகமாக வேலை செய்தேன். வருட முடிவில் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த இலையுதிர் காலத்தில், நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைக் காலிசெய்யப் போனோம். எப்போதோ இறந்துபோன கப்பல் முதலாளி ஒருவரின் வீடு. எண்பது வயது கடந்த மகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகவிருந்தார்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் அம்மன் நின்றாள். வெண்கலம், என் இடுப்பளவு உயரம். மேலில் ஒரு முழத் துணி இல்லை.

ஊரில் அம்மனைப் பட்டில்லாமல் நான் கண்டதில்லை. சாத்துப்படி நடக்கும்போது ஐயர் திரையை இழுத்துவிடுவார். உடுத்தி முடித்தபிறகுதான் திரை விலகும். இங்கே அவள் கையில் யாரோ குடையைக் கொளுவியிருந்தார்கள்.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மூதாட்டி கதை சொன்னார்.

"அப்பா இந்தியாவுக்குப் போனதேயில்லை. இரண்டு போர்களுக்கும் நடுவில் அவரிடம் நல்ல பணம் இருந்தது. லண்டனில் ஒரு வியாபாரி படங்களைத் தபாலில் அனுப்புவார். அப்பா கோப்பி குடித்துக்கொண்டே விரலால் காட்டுவார். பிறகு பெட்டி வரும். வைக்கோலைக் கிளறுவது எனக்கு விளையாட்டு."

வாய் திறக்கக் கூச்சப்படுகிற நான் கேட்டேன்: "அந்த வியாபாரி யாரிடம் வாங்கினார்?"

"இன்னொரு வியாபாரியிடம்."

"அவர்?"

"அப்பா கேட்டதில்லை. கேட்கிறவர்களுக்கு அடுத்த படம் வராதாம்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அலுமாரியிலிருந்து உடுத்தாத பச்சைச் சேலையொன்றை எடுத்துத் தந்தாள். "நாளைக்குக் கட்டிவிடுங்கோ. வெறும் மேலோட நிப்பாட்டி விலை பேச விடாதேங்கோ."

மறுநாள் காலை சேலையை நாலாக மடித்து அம்மனுக்குச் சுற்றினேன். கூட வேலைசெய்த யாழ்ப்பாணத்துத் தம்பி சிரித்தான்.

"அண்ணை, ஐயர் தொடவேண்டிய அம்மனை நீங்கள் தொடுறியளே? விசரே?"

"ஐயர் இஞ்சை இல்லை. நான்தான் நிக்கிறன்."

"கொசுவமும் இல்லை. அம்மன் தடக்கி விழப்போறா."

"பகிடியை விட்டுட்டு அந்தக் குடையை எடும்."

மதியம் முதலாளியோடு கமெராவும் கையுமாக ஒருவர் வந்தார். வியாபாரியாம். யாரோ பணக்காரருக்காகப் பார்க்க வந்தவர். வாங்குகிறவர் இந்த முறையும் வரவில்லை, படத்துக்குத்தான் காத்திருந்தார்.

"துணியை எடு," என்றார் முதலாளி.

"எடுக்கமாட்டேன்."

"எடு. இல்லையென்றால் நாளைக்கு வரவேண்டாம்."

காது இரண்டும் கொதித்தன. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சப்பாத்தைப் பார்த்தபடி இன்னொரு தடவை சொன்னேன், எடுக்கமாட்டேன் என்று. அவர் தம்பியைப் பார்த்தார். சிரித்த அதே தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முதுகு பிடித்துவிட்டது," என்றான்.

முதலாளியே சேலையை உருவிப் படியில் போட்டார். நான் கம்பனியின் பெயர் போட்ட என் வேலைச் சட்டையைக் கழற்றி அம்மனுக்குப் போர்த்து, கழுத்துவரை பொத்தானைப் பூட்டினேன். கீழே மூதாட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"வெளியே போ!"

சேலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியில் குளிர் எலும்பைத் தொட்டது. பனியனோடுதான் ரயிலேறினேன்.

பிறகு கோயிலில் தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: "வேலையும் போச்சு. அம்மனும் விலைப்பட்டுப் போனா. என்னத்தைக் கண்டனீர்? அவையள் சட்டையைக் கழட்டிப் படம் எடுத்துப்போட்டினம்தானே?"

"ஓம், எடுத்தவைதான்," என்றேன். "ஆனால் என்ரை கையாலை கழட்டுவிக்க அவையளுக்கு ஏலாமல் போச்சு."

ஒஸ்லோ, 2007 மார்கழி 9, ஞாயிற்றுக்கிழமை.