குடையும் கோடாலியும்

தேநீர் ஆறுகிற இடைவெளியில் பேரின்பநாதன் அம்பு முனைகள் இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்து நிறுக்கிறார். ஒன்று ஆறரைக் கிராம். மற்றதும் ஆறரைக் கிராம். நேற்றும் அதேதான், முந்தாநாளும் அதேதான். உருக்கு இரவோடு இரவாகப் பருத்துவிடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"கேக்குக்கு மா நிறுக்கிற தராசப்பா அது. மான் கொல்லுற சாமானை அதில வைச்சால் கேக் எழும்புமே?" என்கிறார் மனைவி பாலாம்பிகை.

"கழுவித்தான் வைச்சனான்."

பேரின்பநாதனுக்கு வயது ஐம்பத்தாறு. குடியிருப்பு கெபெக் மாகாணத்து லவாலில். வேலை செயின்ட்-மிஷேலில், ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் வெளுக்கிற தொழிற்சாலையில். அங்கே லொறி ஓட்டுகிற றெஜான் என்ற கெபெக்காரர்தான் ஐந்து வருடங்களுக்கு முன் இவரை வில் வேட்டைக்கு அழைத்துப் போனவர். வெறுங்கையோடு போன மனிதர் ஒரு தத்துவப் பிரச்சினையோடு திரும்பி வந்தார்.

பிரச்சினை இதுதான்: அம்பின் நுனியில் எதைத் திருகுவது? ஒரு வகை முனையில் அலகுகள் மடங்கிக் கிடக்கும். மானில் பட்ட பிறகே படக்கென்று விரியும். மற்ற வகையில் அலகுகள் எப்போதும் விரிந்தபடியே அசையாமல் நிற்கும். முன்னதற்கு அவர் இட்ட பெயர் குடை, பின்னதற்குக் கோடாலி. குடை குறி வைத்த இடத்துக்கு ஒழுங்காகப் போகும். ஆனால் விரிகிற வேலைக்கே அம்பின் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கோடாலி பட்ட இடத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகும். ஆனால் காற்றில் தன் இஷ்டத்துக்கு இரண்டு விரற்கடை இடப்பக்கம் சாயும்.

"ரெண்டிலயும் நியாயம் இருக்கு. அவசரப்படேலாது." ஐந்து வருடமாக இதுவே தீர்ப்பு.

ஆராய்ச்சி நிலக்கீழ் அறையில் நடக்கிறது. இருபது கிலோ அரிசிப் பை, அதற்குள் தொழிற்சாலை கழித்துவிட்ட ஹோட்டல் துவாய்கள்: அதுதான் மான். நாளுக்குப் பத்து அம்பு. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எய்வதில்லை. அன்று அவர் மரக்கறி.

இதற்கு வெளியே ஆலோசனை வேறு. புரோசார்ட்டில் வேட்டைச் சாமான் கடை வைத்திருக்கிற சீனர், கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒழுங்கு பார்க்கிறவர், பல் வைத்தியர் என்று முப்பது பேரிடமாவது கேட்டிருக்கிறார். அவர்களில் நாலு பேர் முட்டை கூடத் தொடாதவர்கள். அவர்களுக்கும் கருத்து இருந்தது.

பாலாம்பிகையின் தம்பி அருமைராசாவுக்கு இது பொறுக்காது. "அத்தான், நீங்கள் ஒரு முடிவுக்கு வாறதுக்குள்ள மான் பென்சன் எடுத்துப்போடும்."

"உனக்கு விளங்காது. என்ர வில் அறுபது இறாத்தல்."

நாணை முழுதாக இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை இறாத்தலில்தான் சொல்வார்கள். அறுபது என்பது மதிக்கத்தக்க எண். அத்தானைக் கேலி செய்கிற அதே அருமைராசா, வெளியே போனால் அந்த அறுபதைத் தன் சொந்த நெஞ்சு அளவைப் போலச் சொல்லித் திரிவார்.

உண்மை வேறு. ஈர விரிப்புகளை இழுத்து இழுத்து வலது தோள் இறுகி மூன்று வருடமாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், வில்லின் திருகுகளைத் தளர்த்தி நாற்பத்திரண்டுக்கு இறக்கிவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. ஆக, முப்பது பேரிடம் அவர் கேட்டதெல்லாம், பிறந்த நேரத்தைப் பிழையாகக் கொடுத்துவிட்டு முப்பது சாத்திரிமாரிடம் குறிப்புக் காட்டிய கதைதான்.

போன ஒக்டோபரில் பதினைந்து மீற்றரில் ஒரு மான் வந்தது. குடை சரியான இடத்தில்தான் பட்டது. ஒரு விரல் ஆழம் போய், பலம் தீர்ந்து, அம்பு நழுவி விழுந்தது. மான் ஓடியது. சருகில் சிவப்புப் புள்ளிகளைத் தேடிக்கொண்டு, ஓடை குறுக்கிட்டுத் தடம் அழிகிற இடம்வரை தனியே நடந்தார். திரும்பி வந்து றெஜானிடம், "படேல்லை," என்றார். அதன்பின் ஒரு மாதம் இறைச்சி தொடவில்லை. கொலஸ்ட்ரோலுக்குப் பயந்துவிட்டார் என்று பாலாம்பிகை சந்தோஷப்பட்டார்.

இந்த ஞாயிறு பின்னேரம் றெஜான் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. அம்புகளைத் தன் கையால் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். கராஜில் அருமைராசாவோடு சேர்த்து மூவரும் குந்தியிருந்தார்கள்.

"கொம்பியென்?" என்றார் றெஜான், வில்லைக் காட்டி. எத்தனை இறாத்தல் என்று கேட்கிறார்.

"சுவாசாந்த்!" பதில் சொன்னது அருமைராசா. அறுபதைப் பிரெஞ்சிலும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அப்படியானால் யோசிக்கவே தேவையில்லை என்றார் றெஜான். அறுபதுக்குக் குடைதான். மூன்று அம்பிலும் குடைகளைத் திருகி முடித்தார். ஐந்து வருடப் பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

"பாத்தியளே அத்தான்? இதுக்குப்போய் ஊரைக் கூட்டினியள்."

பேரின்பநாதன் அந்த மூன்று அம்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திரண்டு," என்றார்.

"என்னது நாப்பத்திரண்டு?"

"வில்தான்ரா." பிறகு தன் உடைந்த பிரெஞ்சில் றெஜானிடம் எல்லாவற்றையும் சொன்னார். தோள், திருகு, போன வருடத்து மான், அது பட்டதுதான் என்பது, ஓடை.

றெஜான் குடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கோடாலிகளைத் திருகத் தொடங்கினார். நாற்பத்திரண்டுக்கு இவைதான் என்றார். இடப்பக்கம் சாய்வதை வில்லில் சரிக்கட்டலாம். ஒரு கிழமை போதும், நாளுக்கு இருபது அம்பு எய்தால்.

"ஐயோ அத்தான், நான் கோயில்லயும் அறுபது எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறன்!" என்றார் அருமைராசா.

"அக்காட்டப் போய் நோவெண்ணெய் வாங்கிக்கொண்டு வா."

எண்ணெய் வந்தது. பேரின்பநாதன் கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, வலது தோளை மச்சான் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.