மூடிவைத்த காரும் என் மனுசனும்

என் மனுசனைக் கள்ளன் என்று எழுதியவர் கனடாவில் இருக்கிறார். வல்லிபுரம் மாமாவின் மகன் வசீகரன். ஊர்காவற்றுறைச் சனம் உள்ளூரிலும் வெளிநாட்டிலுமாக நானூறு பேர் இருக்கிற வட்ஸ்அப் குழுவில், ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலை இப்படி எழுதினார்: "கோபிசங்கரிட்டை ஒருத்தரும் வாகனம் குடுக்காதேங்கோ. கள்ளன். மலிவு ஒயிலை ஊத்தி எங்கடை கார் எஞ்சினை நாசமாக்கிப்போட்டான். அம்மா சாகப் பாத்தவ." அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போனைப் பிடித்தபடி நின்றேன்.

கோபிசங்கர் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலணையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைக்கப் பழகினவர். சண்டை முடிந்து திரும்பி வந்து, இங்கே ஒரு தகரக் கொட்டிலில் கராஜ் போட்டார். வள்ளத்து எஞ்சின், லான்ட்மாஸ்ரர் உழவு மெசின், ஓட்டோ, கார் எல்லாம் அவர் கையால் போகும். வாய்தான் கிடையாது. ஒன்றைக் கேட்டால் கையிலிருக்கிற நட்டை இறுக்கி முடித்த பிறகுதான் பதில் வரும். என்னைப் பெண்பார்க்க வந்த அன்று அவர் பேசியது ஒரே ஒரு வசனம். "உங்கடை தண்ணிப் பம்பின்ரை சத்தம் சரியில்லை." அடுத்தநாள் வந்து திருத்தியும் தந்தார். அந்த மனுசனுக்குத்தான் துஷாந்தினி ஆகிய நான் பதினைந்து வருசமாக வாயாக இருக்கிறேன்.

இந்தத் தீவில் மெக்கானிக் ஒருவருக்கு விளம்பரப் பலகை தேவையில்லை, பெயர் போதும். அந்தப் பெயர் கெட்டால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்று மத்தியானமே ஒருவர் வந்து, திருத்தத் தந்த ஓட்டோவைத் திருத்தாமலே உருட்டிக்கொண்டு போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வாரம் வல்லிபுரம் மாமாவின் மனைவி இராசமணி மாமிக்கு விடியக்காலை நெஞ்சடைத்தது. ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அம்புலன்ஸ் இருக்கிறது. வீட்டில் மகன் வாங்கிவிட்ட கார் நிற்க அம்புலன்சில் போவதோ என்று மாமா தானே காரை எடுத்திருக்கிறார். யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல், நடுவில் கார் இருமி இருமி நின்றுவிட்டது. பின்னால் வந்த மீன் லொறிக்காரர் மாமியை ஏற்றிக்கொண்டு போயிருக்காவிட்டால் அன்றே முடிந்திருக்கும். வைகாசியில் அந்தக் காருக்கு ஒயில் மாற்றியவர் என் மனுசன். அதனால் பழி அவர் தலையில்.

"மறுமொழி எழுதுங்கோ. இல்லாட்டி நான் எழுதுவன். நாக்கைப் பிடுங்கிற மாதிரி எழுதுவன்" என்றேன்.

"சும்மா இரும். முதல்லை காரைப் பாப்பம். பிழை என்னிலையும் இருக்கலாம்" என்றார்.

எனக்கு வந்த விசர்க் கோபத்துக்கு அளவில்லை. கள்ளன் என்கிறான், இவர் காரைப் பார்க்கப் போகிறாராம்! ஆனால் தனியே விடவும் மனமில்லை. கிட்டப் பார்வை குறைந்த மனுசனுக்கு ரோச் லைற் பிடிக்கவும், காரின் பிழையைக் காட்டுகிற ஸ்கானரில் வருவதை வாசிக்கவும் எப்போதும் நான்தான். கூடப் போனேன்.

வீட்டு முன் போட்டிக்கோவில், பாலத்திலிருந்து கட்டியிழுத்து வந்த கார் சாம்பல் நிறப் போர்வையால் மூடிக் கிடந்தது. மாமா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உம்மை ஆர் இஞ்சை வரச் சொன்னது?"

"ஒருக்காப் பாக்க விடுங்கோ மாமா. பிழை என்ரை எண்டால் என்ரை செலவிலை செய்து தாறன்."

மாமா வாயைத் திறக்க முதல், நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்த மாமி உள்ளேயிருந்து, "பாக்கட்டும் விடுங்கோ" என்றார்.

காரை ஸ்ராட் பண்ணினால், தகரப்பேணிக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கிய மாதிரிச் சத்தம். பிறகு நடுங்கி நின்றுவிட்டது. ஸ்கானரில் வந்ததை வாசித்தேன். வால்வு திறக்கிற நேரம் பிழை என்று காட்டியது. எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை போகவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். இப்போதைய கார்களில் ஓட்டத்துக்கு ஏற்ப அந்த நேரத்தை முன்பின்னாக மாற்றுகிறார்கள். மாற்றுவது எஞ்சின் ஒயிலின் அழுத்தம். அந்த ஒயிலை விடவும் மறிக்கவும் விரல் நீளத்தில் இரண்டு மின் வால்வுகள், அவற்றுக்குப் போகிற வழியில் தேத்தண்ணி வடிகட்டியைவிட நெருக்கமான குட்டி வடிகள். இவ்வளவும் நான் ரோச் பிடித்துப் பிடித்துப் பழகியது.

வயரைப் பார்த்தார், வயர் சரி. இரண்டு மின் வால்வுகளும் ஒரே மாதிரியானவை என்பதால் ஒன்றை மற்றதன் இடத்தில் மாற்றிப் பூட்டினார். வால்வில் பிழை என்றால் பிழையும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. கழற்றி பற்றரியில் தொட்டுப் பார்த்தார், இரண்டும் டிக் டிக் என்று வேலை செய்தன.

"அப்ப ஒயில்தான் அங்கை போகேல்லை" என்று சொல்லி, வடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வடியின் கண் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக் களி அப்பிக் கிடந்தது.

பிறகு அடியில் படுத்து ஒயிலை வடித்தார். சர்க்கரைப் பாணி மாதிரி மெல்ல இறங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு எழும்பினார்.

"மாமா, நான் ஊத்தினது இது இல்லையே."

"நீர் ஊத்தினது தண்ணியல்லோ!" மாமா எழும்பியே விட்டார். "ஒயில் குச்சியை இழுத்துப் பாத்தனான். தண்ணி மாதிரி ஓடுது. ஆரை ஏய்க்கப் பாக்கிறீர்? பண்டாரவளையிலை முப்பது வருசம் கடை நடத்தினவன் நான், எனக்குச் சாமான் தெரியாதோ? அரைவாசியை வடிச்சுப்போட்டு, வள்ளத்துக்கு ஊத்திற நல்ல தடிப்பு ஒயிலா வாங்கி ஊத்தினனான்."

ஐயோ கடவுளே! செய்வதையும் செய்துவிட்டு, கள்ளன் பட்டம் எங்களுக்கு! இந்தக் காருக்கு மெல்லிய ஒயில்தான், மூடியிலேயே எழுதிக் கிடக்கிறது. தடித்தது ஊற்றினால் அந்த ஊசிக் கண்ணுக்குள்ளால் எப்படிப் போகும்? "உங்கடை நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கோ" என்று நான் தொடங்க, என் மனுசன் கையைக் காட்டி மறித்தார்.

"தடிப்பு ஒயில் மட்டுமில்லை மாமா. இந்தக் களி ரெண்டு மாதத்திலை வந்ததில்லை. நான் ஒயில் மாத்திக் கிலோமீற்றரை எழுதி ஒட்டினதுக்குப் பிறகு முப்பது கிலோமீற்றரும் ஓடேல்லை. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்கு ஓடினது. அதுக்கு முதல் எப்பிடி வைச்சிருந்தனீங்கள்?"

"வடிவா வைச்சிருந்தனான்! நாலு வருசமா ஒவ்வொரு நாளும் காலமை போர்வையைக் கழட்டி, கால் மணித்தியாலம் ஸ்ராட்டிலை விட்டு, மகனுக்கு வீடியோவும் அனுப்பிப்போட்டு மூடிறனான். ஒரு கீறல் இருக்கோ பாரும்!"

என் மனுசன் பெருமூச்சு விட்டார். "நிண்ட இடத்திலை விட்டா எஞ்சின் முழுசாச் சூடேறாது மாமா. தண்ணியும் பெற்றோலும் ஒயிலுக்குள்ளையே தங்கிக் களியாப் போகும். ஓடாமல்தான் இது பழுதானது." பிறகு, ஒருவரும் கேளாமலே, "வைகாசியிலை மேல் மூடியைத் திறந்து பாத்திருந்தா நான் கண்டிருப்பன். பாக்கேல்லை. அது என்ரை பிழைதான்" என்றும் சொன்னார். எனக்கு ரோச்சால் அவர் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து வசீகரன் மாமாவின் போனில் வீடியோவில் வந்தார். "என்னவாம் அப்பா, ஒத்துக்கொண்டானோ?" என்ற குரல் எல்லாருக்கும் கேட்டது. மாமா போனின் சத்தத்தைக் குறைக்கத் தடவினார். தடிப்பு ஒயில் கதையை நான் கத்திச் சொல்ல, "அப்பா எங்கடை கார் நல்லா இருக்க வேணும் எண்டுதானே செய்தவர்" என்று அவர் இழுத்தார்.

அப்போதுதான் மாமி கதவு நிலையைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"தம்பி கோபி, ஓடியிருந்தா இது பழுதாகாதோ?"

"ஓம் மாமி. கிழமையிலை ஒருக்கா யாழ்ப்பாணம் போய் வந்தாலே போதும்."

"மாதம் ஒருக்கா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு இவரைக் கேட்டனான். பிள்ளை வரேக்கை புதுசா நிக்க வேணும், சீற்றிலை அழுக்குப் படும் எண்டார். பஸ்ஸிலைதான் போறனான். இடம் கிடைச்சா இருப்பன். இல்லாட்டிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். நெஞ்சடைச்ச அண்டைக்குத்தான் முதல்முதல் இதிலை ஏறினது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

என் மனுசன் மாமாவின் கையிலிருந்து போனை வாங்கினார். பதினைந்து வருசத்தில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். பக்கத்து வளவு நாய் குரைத்தது.

"என்னைக் கள்ளன் எண்டு எழுதினீர். எழுதும். பெத்த தாய் நாலு வருசமாப் பஸ்ஸிலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது தெரியாத உமக்கு, நான் ஊத்தின ஒயில் மட்டும் கனடாவிலை நிண்டு தெரிஞ்சுதோ?"

"நான் அதை அழிச்சுவிடுறன் அண்ணை" என்று போனில் வந்தது. அரை நாளில் கள்ளன் அண்ணையாகிவிட்டான்!

"அழிக்க வேண்டாம். அதுக்குக் கீழை உண்மையை எழுதும்."

போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு, கராஜுக்குப் போய் ஒயிலோடு வந்தார். வடிகளைப் பெற்றோலில் கழுவினார். ஒருமுறை மெல்லிய ஒயில் ஊற்றி ஓடவிட்டு வடித்து, மறுபடி புதிது ஊற்றினார். நாலாவது தரம் ஸ்ராட் பண்ணியபோது அந்தக் கல்லுச் சத்தம் இல்லை. கை கழுவிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தார்.

"மாமி, ஏறுங்கோ."

"எங்கை கூட்டிக்கொண்டு போறீர்?" என்று மாமா பதறினார்.

"எஞ்சின் சூடேறுமட்டும்."

மாமி வீட்டு உடுப்போடேயே ஏறினார். பெல்ற் போடத் தெரியவில்லை, நான் பூட்டிவிட்டுப் பின்னால் ஏறினேன். வேலணை தாண்டிப் போனோம். மாமி கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பின்னேரம் வசீகரன் குழுவில் எழுதினார். ஒயிலை மாற்றி ஊற்றியது அப்பா, கோபி அண்ணையில் பிழையில்லை, மன்னிக்க வேண்டும் என்று நாலு வரி. உருட்டிக்கொண்டு போன ஓட்டோ அடுத்தநாளே திரும்பி வந்தது. தாய் பஸ்ஸில் நின்று போன கதை அந்த நாலு வரியில் இல்லை. என் மனுசன் அது போதும் என்றார். எனக்குப் போதாது. அதனால்தான் இதை எழுதினேன்.