பாடமாக்கிய குற்றம்

இது நடந்து நான்கு வருடங்கள் இருக்கும். அப்போது நான் ஒஸ்லோவில் நேர்ஸ் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். டிசம்பர் பரீட்சை முடிந்து, தைப்பொங்கலும் கழிந்து, ஹவுகன்ஸ்டுவா ஸ்டேசனிலிருந்து பனியில் வழுக்கி விழாமல் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. நான் பரீட்சையில் கொப்பியடித்ததாகச் சந்தேகமாம், விஷயம் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகிறதாம். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்களுக்குப் பரீட்சை கணினியில்தான். எழுதியதைப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிரல் வைத்திருக்கிறார்கள். இதயம் பலவீனமடைவது பற்றிய கேள்விக்கு நான் எழுதிய பதில், பாடப்புத்தகத்தோடு கமா, முற்றுப்புள்ளி உட்பட அப்படியே பொருந்தியிருந்தது. இடையில் ஒருமுறை கழிவறைக்கும் போயிருந்தேன். போதாதா? அங்கே போனை ஒளித்துவைத்துப் பார்த்திருக்கிறாள் என்று கதையைக் கட்டிவிட்டார்கள்.

நடந்தது வேறொன்றுமில்லை, அந்த அத்தியாயத்தை நான் சொல்லுக்குச் சொல் பாடமாக்கியிருந்தேன். நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக்கு, பாதிக்கு மேல் அர்த்தம் விளங்காமலேயே பக்கம் பக்கமாக ஒப்புவித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா தாளைப் பிடித்துக்கொண்டு சோஃபாவில் இருப்பார். ஒரு சொல் மாறினாலும், "முதல்லயிருந்து சொல்லு" என்பார். நோர்வேப் பிள்ளைகள் வாசித்து, விளங்கி, சொந்த வசனத்தில் எழுதுவார்கள். நானும் விளங்கித்தான் படிப்பேன், ஆனால் பாடமாக்கினால்தான் படித்த மாதிரி இருக்கும். புத்தகத்துக்காரர் என்னைவிட நன்றாக எழுதியிருக்கும்போது நான் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு விளங்கவே இல்லை.

"பாத்து எழுதினனியோ?"

"இல்லையப்பா. பாடமாக்கித்தான் எழுதினனான்."

"அப்ப என்ன பிழை? பாடமாக்கிறது களவே?"

அம்மாவின் கவலை வேறு. குற்றம் என்று முடிவானால் ஒரு வருடத்துக்கு இந்த நாட்டில் எந்தக் கல்லூரியிலும் படிக்க முடியாது. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன சித்தியின் காதில் விழுந்தால், மற்றவர்களுக்கு நாங்கள் தனியாகச் சொல்லத் தேவையில்லை. "ஆரிட்டையும் மூச்சு விட்டிடாதை" என்று அழுதுகொண்டே சொன்னார்.

விசாரணைக்குப் போனேன். நீள மேசைக்கு அந்தப்பக்கம் ஐந்து பேர். சட்டம் படித்த தலைவர், இரண்டு ஆசிரியர்கள், மாணவர்கள் சார்பில் ஒரு பையன், ஒரு பெண். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்ப் பிள்ளை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வயது இளையவள். பேச்சுப்போட்டியில் நான் இரண்டாம் பரிசோடு நிற்க, முதல் பரிசை ஒவ்வொரு வருடமும் தட்டிக்கொண்டு போனவள்.

தலைவர் வழமைப்படி, குழுவில் யாருக்காவது இந்த மாணவியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றால் எழும்பி வெளியே போக வேண்டும், அதுதான் விதி.

அவள் மேசையைப் பார்த்தபடி, "இல்லை" என்றாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எனக்காகக் கதைக்கத்தான் பொய் சொல்லிவிட்டு உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தேன். மடைச்சி! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்றரைப் பக்கத்தை ஒருவரால் எழுத்துப் பிசகாமல் நினைவில் வைத்திருக்க முடியுமா என்று ஒரு ஆசிரியர் கேட்டார். கேலியாக இல்லை, மெய்யாகவே அவருக்கு ஆச்சரியம். கூட வந்த சட்டத்தரணி என் கையைப் பிடிக்கப் பிடிக்க, நான் அந்தப் பகுதியை முதல் வசனத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஒரு சொல் தவறவில்லை. ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்திக்குப் போனபோது தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நன்றி, போதும். ஆனால் பரீட்சை முடிந்து இவ்வளவு நாளாகிவிட்டதே. இதை நீங்கள் பிறகும் பாடமாக்கியிருக்கலாம் அல்லவா?"

எவ்வளவு பணிவாகக் கேட்டார் தெரியுமா! அந்தப் பணிவுதான் என்னைக் கொன்றது. நான் அவளைப் பார்த்தேன். பாடமாக்குவது என்றால் என்னவென்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

முடிவு ஏகமனதாக வந்தது. ஒரு வருடம் விலக்கல். மேன்முறையீடு செய்தும் அதே பதில்தான். அவள் சொன்ன பொய்யை அதில் நான் எழுதவில்லை, தெரிந்தும் அன்று பேசாமல் இருந்தவள் நானும்தானே. அந்த வருடம் முழுக்க ஒரு பேக்கரியில் பாண் விற்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளை கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள் என்று அம்மா சொல்லிச் சமாளித்தார். அப்பா அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முடிவு வந்த அந்த மாரிக்காலமே, பனி கரையுமுன், லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் அவளைக் கண்டேன். வாசலில் நான் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது, அவளாகவே கிட்ட வந்தாள்.

"அக்கா, நீங்கள் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"அது என்ர முதல் கூட்டம். நான் உங்களுக்காகக் கதைச்சிருந்தா, தன்ர ஆக்களுக்குச் சப்போர்ட் பண்ணுறாள் எண்டு நினைச்சிருப்பினம்."

"தெரியுமெண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிருக்கலாமே?"

அவள் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக்கொண்டு நின்றாள். ஓங்கி ஒன்று விட்டால் என்ன என்று கை துறுதுறுத்தது. அதற்குள் ஒன்றும் தெரியாத அம்மா பின்னால் வந்து, "அட, பேச்சுப்போட்டியில முதல் பரிசு எடுக்கிற பிள்ளையெல்லோ! வடிவா வளந்திட்டாய்" என்று அவள் கன்னத்தைத் தடவினார். நான் வெளியே போய்ப் பனிக்குள் நின்றேன்.

வருடம் முடிந்து அதே பரீட்சைக்கு மறுபடி இருந்தேன். அதே இதயம் வேறு ரூபத்தில் கேள்வியாக வந்தது. வசனங்கள் வரிசையாக மனதில் வந்து நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து உடைத்தேன். நல்ல சொல்லை எடுத்துவிட்டுச் சுமாரான சொல்லைப் போட்டேன், ஒழுங்கைக் குழப்பினேன், சில இடங்களில் வேண்டுமென்றே இழுத்து எழுதினேன். முட்டிக்கொண்டு வந்தும் கழிவறைப் பக்கம் போகவில்லை. நடுத்தரமான புள்ளிதான் கிடைத்தது, ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

இன்று நேர்ஸாக வேலை செய்கிறேன். அவளும் படித்து முடித்து நல்ல வேலையில் இருக்கிறாளாம். எனக்குப் பாடம் தெரியும், தெரியாதவள் மாதிரி எழுதினேன்; அவளுக்கு என்னைத் தெரியும், தெரியாது என்று சொன்னாள். இந்த ஊரில் நாங்கள் இருவரும் பாஸாகிய விதம் இதுதான் என்று நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.