வாத்துக்காரர் சொல்ல மறுத்தது

மாஹுல் கழிமுகத்துக்குப் பக்கத்தில் என் கோழிக்கடை. குளிர்காலத்தில் வந்து இறங்கும் காட்டு வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்று சோதிக்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வருவார்; எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் வாத்துக்காரர். மாட்டுங்காவிலிருந்து ரயிலில் வருபவர், ஒல்லியான ஆள். வாத்துகளை விரட்ட மாட்டார். அவை தானாக எழுந்து போகும்வரை சேற்றில் நின்றுவிட்டு, எச்சத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுப்பார். சேறு மிதித்த பூட்ஸோடு என் கடைப் பக்கம் வந்ததே இல்லை. கரையிலேயே கழற்றி, மருந்துத் தண்ணீரில் கழுவி, பையில் கட்டிய பிறகுதான் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க வருவார்.

போன ஜனவரியில் நாலு வாத்துகள் செத்துக் கிடந்தன. அவற்றையும் சோதனைக்கு எடுத்துப் போனார். நோய் என்று வந்தால் என் அறுபது கோழிகளையும் கொன்று புதைத்துவிடுவார்கள். எனக்குப் பேச்சு சீக்கிரம் வராது. மூன்று நாள் யோசித்துத்தான் கேட்டேன்.

"சார், ரிசல்ட் வந்தா மத்தவங்களுக்கு ஒரு நாள் முன்னால எனக்குச் சொல்லுதியளா?"

"சொன்னா என்ன பண்ணுவேள்?"

நான் என் கோழிக் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கே வித்துடுவேள். வாங்கிச் சாப்பிடறது இந்தத் தெரு ஜனங்கதானே? சொல்ல மாட்டேன், அண்ணா."

கோபமில்லாமல் சொன்னார். எனக்கும் சேர்த்து அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கினார். அவர் சொன்னது சரிதான், விற்றிருப்பேன்.

அடுத்த வாரம் கடை வாசலில் வந்து நின்றார். "நெகட்டிவ். நோய் இல்லை."

அன்று அவரிடம் சோதனைப் பெட்டியும் இல்லை, பூட்ஸும் இல்லை. இதைச் சொல்ல மட்டுமே ரயிலேறி வந்திருந்தார். நோய் இருந்திருந்தாலும் இப்படி நேரில் வந்து சொல்லியிருப்பாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.