ஆளில்லாத குடைகள்

"அக்கா, இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதே" என்று வந்தவர் புகார் சொல்லிக்கொண்டிருக்க, இர்லாந்தா அண்ணி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே, "அசையாதீங்க. உங்க காதுக்குப் பின்னால ஆலாப் பறவை போவுது" என்கிறாள். அவரும் அசையாமல் நிற்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் முனைக் கடற்கரையில் அண்ணி குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறாள். குளிர்த்தூறல் மாதங்களில் ஆள் வராது; வடக்கிலிருந்து உள்ளான் பறவைகள் வரும். உப்பளத்து வரப்பே கதியென்று கிடப்பாள். வெயில் வந்தால் ஆளும் வரும். அப்போதும் கண் உள்ளான்மேல்தான். "மார்ல சிவப்பு ஏறிடுச்சுடி. வடக்க கிளம்பப் போவுது." நான் தேசம் தேசமாகச் சுற்றி வந்த கதையில் எந்த ஊரைச் சொன்னாலும், "அங்க என்ன பறவை?" என்கிறாள். வறுத்த கோழி என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

கார்னிவல் திருவிழாவுக்கு முன் குடைக்காரர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பார்கள். இந்த வருஷம் மணல்மேட்டையொட்டிய அகலமான இடம் அவளுக்கு விழுந்தது. அண்ணன் ஃபவுஸ்தோவின் படகு மோட்டார் செத்துக் கிடக்கிறது. கார்னிவல் வருமானத்தில்தான் புதுசு வாங்க வேண்டும். சனிக்கிழமை விடியலில் குடைகளோடு போனால், நட்டநடுவே மணற்குழியில் ஒரு உப்புக்கொத்திப் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது.

"வேற பக்கம் போயிடலாம் அண்ணி."

"காலியா விட்ட இடம் பக்கத்துக்காரனுக்குங்கிறதுதானே முறை? அந்தப் பக்கத்துக்காரன் யகுவால் நாற்காலிய முட்டை மேலயே போடுவான்."

"சரி, ஓரத்துல மட்டும் வாடகைக்கு விடுங்க."

"வர்றவனுங்க பந்தாடாம இருப்பானுங்களா?"

கூட்டைச் சுற்றிலும் குடைகளை நட்டு, நாற்காலிக்கொரு துண்டு போட்டாள். குவாயாகில் நகரத்திலிருந்து வந்த குடும்பங்கள் பணத்தை நீட்டிக்கொண்டே இருந்தன. "எல்லாத்துக்கும் ஆளிருக்குங்க. குளிக்கப் போயிருக்காங்க."

நண்பகலில் அண்ணன் வந்தான். யாரோ பீய்ச்சிய கார்னிவல் நுரை தலையெல்லாம்.

"மோட்டார் வேணுமா, முட்டை வேணுமாடி உனக்கு?"

"ரெண்டும் வேணும். கத்தாதய்யா, தாய் எந்திரிச்சுடும்."

"யாருடி உட்கார்ந்திருக்கா இதுல? பேயா?"

"அதைத்தான் யகுவாலும் கேக்குறான். நீ உட்காரு, ஒரு ஆளாவது ஆச்சு."

அண்ணன் துண்டை விலக்கிவிட்டு உட்கார்ந்தான். அந்த நாற்காலிக்குக் குடை நிழல் எட்டவில்லை; உச்சி வெயில் நேரே முகத்தில். அண்ணி தன் தலைக்குமேலிருந்த குடையைப் பிடுங்கி, நிழல் அவன்மேல் விழும்படி நட்டாள். பிறகு கையைக் கண்ணுக்குமேல் பிடித்துக்கொண்டு, கூட்டைப் பார்த்தபடி வெறும் வெயிலில் நின்றாள்.